நாற்பத்து மூன்று இஞ்ச் அம்மை

அத்தியாயம் 5

"எங்க ஊட்டு டிவிக்கு அம்மை போட்டிருக்குதுங்க."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் இதைச் சொல்லிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

யோகப்பிரியா சிரிக்கவில்லை. கீழ் உதட்டைப் பல்லால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நோட்டில் 'நோயாளி: டிவி' என்று எழுதினாள். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாட்டுத் தீவனக் கடையின் மாடியில் இருக்கும் 'கழுகுக்கண் துப்பறியும் நிலைய'த்தில் உதவியாளராகச் சேர்ந்து அவளுக்கு மூன்று வருடம் ஆகிறது. காணாமல் போன எருமை, காணாமல் போக விரும்பிய மாப்பிள்ளை என்று எத்தனையோ பார்த்துவிட்டாள். அம்மை போட்ட டிவி அவளுக்கே புதிது.

"எப்ப இருந்துங்க?" என்று கேட்டார் கோபிநாத், காய்ச்சலுக்கு மருந்து எழுதப் போகிறவரைப் போல.

நிலையத்தின் முதலாளியும் ஒரே துப்பறிவாளரும் அவர்தான். அதற்கு முன்பு பதினோரு வருடம் டிவி மெக்கானிக். "இப்பெல்லாம் டிவி கெட்டா ஜனங்க புதுசு வாங்கிர்றாங்க. மனுசன் கெட்டா அப்படி மாத்த முடியறதில்ல. அதனால தொழிலை மாத்திக்கிட்டேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். யோகப்பிரியா இதை இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

வந்திருந்தவள் பெயர் தமிழ்ப்ரியா. ஒரு தனியார் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர்.

"திங்கக்கெழமை சாயங்காலம் சீரியல் போடறப்பத்தான் பாத்தோமுங்க. திரையில வெள்ளையா ரெண்டு புள்ளி, ஒரு ரூபா காசு அளவுக்கு. சேனல் மாத்தினாலும் அதே எடத்துல நிக்குது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன். அம்மா பட்டுனு கையைப் புடிச்சுட்டாங்க. 'தொடாத கண்ணு, இது அம்மை, ஆத்தா வந்திருக்கா'ன்னு சொல்லிப்போட்டாங்க. செவ்வாக்கெழமை நாலு ஆச்சு. நேத்து ஆறு. இன்னிக்குக் காலையில ஏழு."

"பிசிக்ஸ் டீச்சர் ஊட்டுலயேவா?" என்றாள் யோகப்பிரியா, அடக்க முடியாமல்.

"அதை வெளிய சொல்லக்கூட முடியலீங்க அக்கா" என்ற தமிழ்ப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு எனக்கு நிச்சயம். அம்மை போட்ட ஊட்டுக்கு எந்த ஒறம்பரை, சொந்தபந்தம் வரும்? மாப்பிள்ளை கௌசிக் ஊட்டுல கேள்விப்பட்டு, ஆத்தா எறங்கி தண்ணி ஊத்தினப்பறம் பாத்துக்கலாம்னுட்டாங்க. ஞாயித்துக்கெழமை அவருக்கு துபாய்க்கு பிளைட்டு. அடுத்த லீவு ஒண்ணரை வருசம் கழிச்சு. எங்கப்பாவைச் சரின்னு சொல்ல வெக்கறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சுங்க. மறுபடி யோசிக்க அவருக்கு ஒண்ணரை வருசம் குடுத்தா, என்ற கல்யாணம் அவ்வளவுதான்."

யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள்.

கோபிநாத் நாற்காலியில் சாய்ந்தார். "மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அது அம்மை இல்ல. திரைக்குப் பின்னால வரிசையா குட்டிக் குட்டி எல்இடி லைட்டு இருக்கும். ஒவ்வொரு லைட்டு மேலயும், வெளிச்சத்தைப் பரப்பி விடறதுக்கு, சட்டைப் பொத்தான் அளவுல ஒரு பிளாஸ்டிக் லென்ஸை ஒட்டியிருப்பாங்க. டிவிக்கு வயசானா பசை காஞ்சிரும். லென்ஸ் கழண்டு விழுந்தா அந்த லைட்டு மட்டும் பளிச்சுனு வெள்ளைப் புள்ளியாத் தெரியும்."

"அப்ப வயசுதான் காரணமுங்களா?"

"வயசானா பசை காயும், சரி. ஆனா நெதமும் ரெண்டு, கணக்கா ரெண்டு, பஸ் டைம் மாதிரி விழாது. யாரோ அந்த டிவியை நாள் தவறாம ஆட்டறாங்க. யார் மேலயாவது சந்தேகம் இருக்குதுங்களா?"

தமிழ்ப்ரியா தயங்கினாள். "மொக்கையன் மாமா. அம்மாவோட தம்பி. என்னை அவரு பையனுக்குக் கேட்டாரு, நான் மாட்டேன்னுட்டேன். இப்பக் கொஞ்ச மாசமா அம்மாகிட்ட வந்து வந்து குசுகுசுன்னு பேசறாரு. ரெண்டு மூணு தடவை கோயிலுக்குன்னு சொல்லி அம்மாவை பைக்குல கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்தப்ப அம்மா நெத்தியில ஒரு பொட்டுத் திருநீறு இல்லீங்க."

"அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா?"

"சுத்தமா இல்லீங்க. 'துபாய்க்கெல்லாம் பொண்ணு குடுக்க மாட்டேன், ஏரோப்பிளேன்ல ஜன்னல் தொறக்காதாமா, செத்தாலும் ஏற மாட்டேன்'னு தெனமும் சண்டை."

"அப்பா?"

"அம்மா கெழக்குன்னா அவரு மேக்கு. முப்பது வருசமா அப்படித்தான்."

கோபிநாத் எழுந்து நின்றார். அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது என்பதற்கு அடையாளம், பேனாவைக் காதில் செருகிக்கொள்வது. முடிந்தவரை அந்தப் பேனாவை ஒளித்து வைப்பது யோகப்பிரியாவின் வழக்கம்.

"அம்மை போட்ட ஊட்டுக்குள்ள மெக்கானிக் நொழைய முடியாது, துப்பறியறவன் நொழைய முடியாது. ஆத்தாளுக்குத் தாலாட்டுப் பாடற பண்டாரம் நொழையலாம். யோகா, மஞ்சள் வேட்டி ஒண்ணு வாங்கிட்டு வா."

"சார், உங்களுக்குத் தாலாட்டு தெரியுமா?"

"ராகம் தெரியும்."

"வார்த்தை?"

"அதை ஆத்தா பாத்துக்குவா" என்றார் கோபிநாத்.

* * *

தமிழ்ப்ரியாவின் அப்பா குப்பண்ணனின் தோட்டத்து வீடு ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டார்கள். வீடு முழுக்கக் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நான்கு நாளாகத் தாளிக்காத சமையலறையில் வாசமே இல்லை.

கூடத்தில், சுவரில் மாட்டியிருந்த நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியைச் சுற்றி வேப்பிலைத் தோரணம். கீழே முக்காலியில் ஒரு சொம்பு இளநீர், ஒரு கிண்ணம் ராகிக்கூழ். ஆத்தா இருக்கும்போது அணைக்கக் கூடாது என்று அம்மா முத்தாத்தாள் சொல்லிவிட்டதால் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு சீரியலில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். அவள் இடது கன்னத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி, அவளை அழவைத்த மாமியாரின் நெற்றியில் ஒன்று. பகல் மூன்றரை மணிக்குத் திரையில் மொத்தம் எட்டு.

முத்தாத்தாள் நல்ல உயரம், கூர்மையான கண். தரையில் உட்கார்ந்து, வேப்பிலைக் கொத்தால் டிவிக்கு மெல்ல விசிறிக்கொண்டிருந்தாள். குப்பண்ணன் தூண் ஓரமாக, முண்டாசைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார். மொக்கையன் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு தரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்கு வேர்த்து ஊற்றியது.

"பழனிப் பக்கம் இருந்து வந்திருக்காங்கம்மா" என்றாள் தமிழ்ப்ரியா, தாயின் முகத்தைப் பார்க்காமல்.

நெற்றி நிறைய மஞ்சளுடன் கோபிநாத் டிவியின் முன் சம்மணமிட்டு அமர்ந்தார். யோகப்பிரியா தாளத்தைத் தட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உருக்கமான தாலாட்டு ராகத்தில் ஆரம்பித்தார்.

"நாட்டுக்கல்லு தாண்டி வந்தாய் தாயே... கோபாலபுரம் நின்று வந்தாய் அம்மா... பொள்ளாச்சி சேர்ந்த பின்னே... பத்து நிமிசம் நின்றாயே..."

யோகப்பிரியா தாளத்தைத் தவறவிட்டாள். மனிதர் காலை ஏழு இருபது பழனி பஸ் நிற்கும் ஊர்களைப் பாடிக்கொண்டிருந்தார்.

"உடுமலையில் இறங்கி நின்றாய் தாயே... மடத்துக்குளம் மாறிச் சென்றாய் அம்மா..."

மடத்துக்குளம் வந்ததும் முத்தாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்பண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் பழனியை அடைவதற்குள் யோகப்பிரியா தாளத்தைத் தட்டியபடியே கண்ணைச் சுழற்றி வேலையை முடித்துவிட்டாள். அவளுக்கு மூன்று விஷயம் கிடைத்தது.

* * *

கட்டுத்தரையில் இரண்டு பசு மாடுகளைத் தவிர ஒட்டுக் கேட்க யாரும் இல்லை.

"சார், உங்க பஸ் ரூட்டுக்கு ஒரு கும்பிடு. இப்ப நான் பாத்ததைச் சொல்றேன். எட்டுப் புள்ளியும் ரெண்டு ஓரத்துலயும்தான் இருக்கு. இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலு. நடுவுல ஒண்ணுகூட இல்ல. ஓரமாப் பாத்துப் போடற அம்மையை நான் கேள்விப்பட்டதில்ல."

"யாரோ ஓரத்தைப் புடிச்சுத் தூக்கறாங்க" என்றார் கோபிநாத். "சுவத்துக்கும் டிவிக்கும் நடுவுல ரெண்டு விரல்கடை சந்து இருக்கும். தூக்கிட்டு விடறப்ப டொக்குனு இடிக்குது, காஞ்ச லென்ஸ் ஒண்ணு விழுது. நெத்துத் தேங்காயை ஆட்டினா உள்ள சத்தம் வருமே, அந்த மாதிரி இப்ப அந்த டிவியை ஆட்டினா களுக்களுக்னு கேக்கும். ரெண்டாவது என்ன?"

"எறும்பு. டிவிக்கு இடது பக்கச் சுவத்துல ஒரு சாரி மேல போகுது. வலது பக்கம் சுவரு சுத்தம். வேப்பிலைக் கசப்பையும் தாண்டி எறும்பு போகணும்னா, அங்க அதை விட ருசியா ஏதோ இருக்கணும்."

கோபிநாத்தின் கை காதுக்குப் போனது. பேனா அங்கே இல்லை. "மூணாவது?"

"மூணாவதுதான் பெருசு. தமிழ்ப்ரியாகிட்ட இப்பத்தான் கேட்டேன். அம்மா கெழக்குன்னா மேக்குங்கற அப்பா, அம்மா 'இது அம்மை'ன்னு சொன்னதும் என்ன சொன்னாருன்னு. 'ஆமா ஆமா, அம்மையேதான், யாரும் கிட்டப் போகாதீங்க'ன்னு அவருதான் மொத ஆளா வேப்பிலை ஒடிக்கப் போனாராம். முப்பது வருசத்துல மொதத் தடவையா ஒரு புருசன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டா, சந்தேகப்பட வேண்டியது யாரை?"

ஒரு பசு தலையை ஆட்டியது.

"வேண்டாம், நான் மாட்டு முன்னால பேரைச் சொல்லிக் கோட்டை விட மாட்டேன்" என்றார் கோபிநாத். "கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. டிவி மேல ஒரு குடம் தண்ணி ஊத்தப் போறோம்னு சொல்லு. பின்னால எதையாவது ஒளிச்சு வெச்சவன் அதைக் காப்பாத்தத் தன்னால ஓடி வருவான்."

"நிஜமாவே ஊத்திட்டாங்கன்னா?"

"பிளக்கை நானே புடுங்கிருவேன். மிச்சத்தை ஆத்தா பாத்துக்குவா."

* * *

"இன்னிக்கே மூணு தண்ணி ஊத்திரலாம்!" என்று பண்டாரத்தின் குரலில் கோபிநாத் அறிவித்தார். "ஆத்தா எறங்க மனசு வெச்சுட்டா. நாளைக்கு ஊட்டுல நல்ல காரியம் நடக்கும்."

தமிழ்ப்ரியாவின் முகம் மலர்ந்தது. குப்பண்ணனின் முகம் வெளுத்தது. முத்தாத்தாள் போய், மஞ்சளும் வேப்பிலையும் மிதக்க இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கோபிநாத் டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. எட்டுப் புள்ளியும் அந்த நொடியே மறைந்தன. அதைப் பார்த்து யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. மொக்கையன் மட்டும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மொதத் தண்ணி!"

முத்தாத்தாள் குடத்தைத் தூக்கினாள். அவள் நின்றது டிவிக்கு வலது பக்கம். ஆனால் குடத்தை எட்டிச் சாய்த்தது இடது பக்கமாக. யோகப்பிரியாவின் புருவம் உயர்ந்தது. அதற்குள் தூண் ஓரத்திலிருந்து ஓர் அலறல்.

"ஊத்தாத! முத்தாத்தா, ஊத்தாத! நனைஞ்சுரும்!"

அறுபது வயசு மனிதர் அப்படிப் பாய்ந்து யாரும் பார்த்ததில்லை. குப்பண்ணன் டிவியின் இடது மூலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குடம் திசை மாறியது. முழுத் தண்ணீரும் கோபிநாத்தின் தலையில் இறங்கியது. நெற்றி மஞ்சள் கரைந்து மூக்கு நுனியில் சொட்ட, வேப்பிலைக் கொத்து ஒன்று அவர் காதில், பேனா இருக்க வேண்டிய இடத்தில் தொங்கியது.

"எது நனையுமுங்க?" என்றாள் யோகப்பிரியா.

குப்பண்ணன் சந்துக்குள் கையை விட்டு, தட்டையான ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். நெய் ஊறி, எறும்பு மொய்த்த பெட்டி. உள்ளே இரண்டு துண்டு மைசூர்பாகு மிச்சம் இருந்தது.



"நிச்சயத்துக்கு வந்த பலகாரத்துல ஒரு பெட்டி" என்றார் குப்பண்ணன், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "சர்க்கரை வந்ததுல இருந்து இவ என்னை ஒரு மிட்டாய் திங்க உட மாட்டேங்கறா. இனி இனிப்பைத் தொடமாட்டேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ணீட்டேன். இந்த ஊட்டுல இவ கை படாத எடம் இதுதான். அதுவுமில்லாம டிவிச் சூட்டுல எப்பவும் எளஞ்சூடா இருக்குதுங்க. காலையில நேரமே அவ பால் கறக்கப் போறப்ப ஒரு துண்டு. அவ்வளவுதான்."

கோபிநாத் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு கம்பீரமாக எழுந்தார். பண்டாரக் குரல் போய்ப் பழைய குரல் வந்திருந்தது. "நான் துப்பறியும் கோபிநாத்! எட்டு லென்ஸையும் விழ வெச்சது இந்தக் கைதான். வழக்கு முடிஞ்சுது."

"இல்லீங்க!" என்று பதறினார் குப்பண்ணன். "இந்தப் பக்கத்து நாலுதான் நான் பண்ணினது. அது ரெண்டாம் நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா அந்தப் பக்கம் நான் தொட்டதே இல்லீங்க. அதுதான் எனக்குப் பயமே. பொய்ச் சத்தியம் பண்ணினதுக்கு ஆத்தா நெசமாவே வந்து போட்டுட்டான்னு நாலு நாளாத் தூக்கம் இல்ல. என்ற புள்ளை நிச்சயத்துல வந்து விடியுதேன்னு..." அவர் முண்டாசால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லவும் தைரியம் வரல கண்ணு."

தமிழ்ப்ரியாவுக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

யோகப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தது முத்தாத்தாளை. புருஷன் பொய்ச் சத்தியம் செய்து மைசூர்பாகு தின்றிருக்கிறான். அந்த முகத்தில் இப்போது இடி இடிக்க வேண்டும். ஆனால் முத்தாத்தாள் சுவரில் சாய்ந்து, பெரிய மூச்சாக விட்டாள். நாலு நாள் சுமந்த எதையோ இறக்கி வைத்த முகம் அது.

"அப்ப இடது பக்கம் போட்டது ஆத்தா இல்லையா?" என்றாள் முத்தாத்தாள், தன்னையறியாமல். "நீங்கதானா?"

"சார்" என்றாள் யோகப்பிரியா. "காலையில ஏழு புள்ளி. நாம வந்தப்ப எட்டு. இவரு தின்னது காலையில. மத்தியானம் விழுந்த அந்த ஒண்ணு யாரோடது?"

"எனக்குத் தெரியும்!" கோபிநாத் விரலை நீட்டினார். "மொக்கையன்! பொண்ணு கெடைக்காத ஆத்திரத்துல—"

"ஐயோ சாமி, நான் இல்லீங்க!" மொக்கையன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்ற பையனே கோயமுத்தூர்ல ஒரு புள்ளையைப் பாத்து வெச்சுட்டான். எனக்கு என்னங்க ஆத்திரம்? அக்கா, சொல்லிரு அக்கா. இதுக்கு மேல என்னால வேர்க்க முடியாது."

யோகப்பிரியா இரண்டாவது குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ரெண்டாம் தண்ணியை வலது பக்கம் ஊத்தட்டுங்களா அம்மா?"

"வேண்டாம் கண்ணு" என்றாள் முத்தாத்தாள்.

அவள் டிவியின் வலது ஓரத்தைப் பிடித்து, பழக்கப்பட்ட கையால் அரை அங்குலம் தூக்கினாள். சந்துக்குள் மறு கையை விட்டு எதையோ உருவினாள். டிவி டொக்கென்று சுவரில் இடித்தது. உள்ளே களுக்கென்று ஒரு சின்னச் சத்தம். ஒன்பதாவது லென்ஸ்.

அவள் கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர். அதற்குள் கருநீல அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம். தமிழ்ப்ரியா வாங்கிப் பிரித்தாள். போட்டோவில் முத்தாத்தாள், காதுத் தோடு தெரிய, போலீஸ்காரரைப் பார்ப்பதைப் போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்போர்ட்டா?" என்றார் குப்பண்ணன். "நீயா?"

"தம்பிதான் அக்ஷயா சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போய் மனு எழுதிக் குடுத்தான். பீரோவுலதான் இருந்துச்சு. நிச்சயத்துக்கு நகை எடுக்கறோம்னு பீரோவைத் தொறந்து போட்டுட்டீங்க. அதுதான் இங்க கொண்டாந்து வெச்சேன். மத்தியானம் எல்லாரும் கண்ணசரும்போது ஒருக்கா எடுத்துப் பாத்துக்குவேன்." முத்தாத்தாள் மகள் பக்கம் திரும்பினாள். "மெக்கானிக் வந்தா டிவியைக் கழட்டுவான், இது விழுந்துரும். பயத்துல வாயில வந்ததைச் சொன்னேன், அம்மைன்னு. ரெண்டு நாள்ல தண்ணி ஊத்தி முடிச்சரலாம்னு இருந்தேன். பாத்தா நான் தொடாத பக்கம் புள்ளி ஏறுது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுக்கு அவளே வந்துட்டான்னு."

யோகப்பிரியாவுக்கு இப்போதுதான் முழுதும் விளங்கியது. நான்கு நாளாக இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே டிவியைக் கும்பிட்டிருக்கிறார்கள். தன் பக்கத்துப் புள்ளி தன் வேலை என்று இருவருக்கும் தெரியும். மறு பக்கத்துப் புள்ளிக்குத்தான் இருவரும் பயந்திருக்கிறார்கள்.

தமிழ்ப்ரியா இன்னும் பாஸ்போர்ட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது வந்த தேதி பிப்ரவரி ஒம்பது. அப்பா சரின்னு சொன்னது மே மாசக் கடைசியில."

"ஆமா."

"யாருமே சம்மதிக்காதப்பவே எடுத்து வெச்சிருக்கே. அப்பறம் எதுக்கும்மா துபாய்க்குக் குடுக்க மாட்டேன்னு தெனமும் அந்தச் சண்டை போட்டே? எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?"

"தெரியும். நீ அழுதுட்டுத் தூங்கினப்பறம் நான் அழுவேன்." முத்தாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வேற என்ன கண்ணு பண்ணச் சொல்றே? நான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்கப்பன் வேண்டாம்னிருப்பார். நான் வேண்டாம் வேண்டாம்னு கத்தினதுக்குத்தான் மனுசன் வேணும்னு வந்தாரு. நிச்சயம் முடியறதுக்குள்ள இந்தப் பாஸ்போர்ட்டு அவரு கண்ணுல பட்டிருந்தா, எல்லாம் கவுந்து போயிருக்கும்."

எல்லோரும் குப்பண்ணனைப் பார்த்தார்கள். முப்பது வருடத்து வாழ்க்கை அவர் கண் முன்னால் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கிணறு வெட்டியது, தென்னை வைத்தது, இந்த டிவி வாங்கியது எல்லாமே முத்தாத்தாள் வேண்டாம் என்று சொன்னவைதான்.

தமிழ்ப்ரியா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் தோளுக்கு மேலாகவே போனை எடுத்துக் கௌசிக்கை அழைத்தாள். "நாளைக்கு எல்லாரும் வந்துருங்க. ஆத்தா எறங்கிட்டா. டிவிக்கு இப்பத் தேவலை. மெக்கானிக் இங்கயேதான் இருக்காரு, கொஞ்சம் நனைஞ்சிருக்காரு." அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

முத்தாத்தாள் மிச்சமிருந்த குடத்திலிருந்து மூன்று கை தண்ணீர் எடுத்துத் தரையில் தெளித்து, ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். தோரணத்தை அவிழ்த்தாள். நாலு நாள் கழித்து அந்த வீட்டுச் சமையலறையில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. கோபிநாத் டிவியைத் திருப்பி வைத்து, தனக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும் என்று பசையிடம் சொல்லியபடி லென்ஸ்களை ஒட்டத் தொடங்கினார்.

குப்பண்ணன் தொண்டையைச் செருமினார். தோற்றுப்போன மனிதனின் கடைசி ரோஷம் அவர் குரலில் இருந்தது. "எப்படியோ போங்க. கல்யாணம் முடிஞ்சு நீ வேணா போயிட்டு வா. நான் அந்த ஏரோப்பிளேன் பக்கமே வரமாட்டேன்."

முத்தாத்தாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அதுதானுங்க நல்லது. உங்களுக்கு அதெல்லாம் ஒத்துக்காது. நீங்க வர வேண்டாம்."

"ஏன்? நான் ஏன் வரக்கூடாது?" குப்பண்ணன் முண்டாசை உதறித் தலையில் கட்டினார். "நீ யாரு என்னை வேண்டாம்னு சொல்ல? நாளன்னிக்கே நானும் எடுக்கறேன் பாஸ்போர்ட்டு!"

முத்தாத்தாள் உள்ளே போய்விட்டாள். மொக்கையன் மெல்ல எழுந்து வந்து, அத்தனை நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து யோகப்பிரியாவிடம் காட்டினார். அக்ஷயாவில் போன வாரமே வாங்கிய பாஸ்போர்ட் விண்ணப்பம். அதில் குப்பண்ணனின் பெயர், வயது, முகவரி எல்லாம் முத்தாத்தாளின் கையெழுத்தில் ஏற்கெனவே நிரப்பியிருந்தது.